குருநகர் மாதா கொடிக்கு ஒரு பலகை

கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்குத் தேக்குப் பலகை கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பழைய போர்வையில் சுற்றி, சணலால் கட்டி, கைக்குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கினேன். சுங்கத்தில் இரண்டு அதிகாரிகள் போர்வையை அவிழ்த்துப் பலகையை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டுத் தங்களுக்குள் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மன்னார் வியாபாரி ஒருவர் காதோடு மொழிபெயர்த்தார். "இந்த அம்மா கட்டில் செய்யப் போறாவோ எண்டு ஒருத்தர் கேக்கிறார். கட்டில் எண்டால் மிச்சப் பலகையள் எங்கை எண்டு மற்றவர் கேக்கிறார்."

நான் மர அச்சு செய்கிறவள், பலகையில் படம் செதுக்கி, மை தடவி, துணியில் ஒற்றி எடுப்பது என் தொழில் என்று கையை ஆட்டி விளக்கினேன். அவர்களுக்குப் புரிந்ததோ, என் முகத்தைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தார்களோ, பலகையில் சாக்குக்கட்டியால் ஒரு குறி போட்டு அனுப்பிவிட்டார்கள். அது எண்பத்து மூன்றாம் வருடம், மே மாதம். வெயில் எங்கள் சென்னை வெயிலுக்குச் சளைத்ததல்ல.

பிலோமினா கூப்பிட்டதால் போனேன். அவள் குருநகர்க் கடற்கரைக்காரி, தையல்காரி. மூன்று வருடத்துக்கு முன் வேளாங்கண்ணிக்கு வந்தவள், திரும்பும் வழியில் சென்னையில் எங்கள் அச்சுப் பட்டறைக்குள் நுழைந்தாள். எல்லாப் படங்களையும் பார்த்தாள், ஒன்றையும் வாங்கவில்லை. என் படம் ஒன்றைக் காட்டி, "இதைப் பாத்து நான் ஒண்டு வெட்டலாமோ, அக்கா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போன ஓவியர்களைப் பார்த்துத்தானே நாங்கள் எல்லோரும் நகல் வெட்டுவோம், நான் இன்னும் உயிரோடுதானே இருக்கிறேன் என்றேன். அவள் சிரித்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவள் நகலை வாங்கி என் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் அவசரப்பட்டு உளியை ஓட்டிய இடத்தில் அவளும் அவசரப்பட்டிருந்தாள். நான் சலித்துப்போய் விட்ட மூலையை அவளும் சலிப்போடு விட்டிருந்தாள். என்னை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து நாங்கள் கடிதச் சிநேகிதிகள்.

இந்தத் தடவை அவள் எழுதிய விஷயம் பெரியது. குருநகர்க் கரையில் அவர்களுக்கு ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. மே மாதத் திருவிழாவன்று ஒவ்வொரு வள்ளத்தின் முகப்பிலும் மாதா படம் அச்சிட்ட வெள்ளைக் கொடி ஏறும். அடுத்த திருவிழா வரை அந்தக் கொடிதான் வள்ளத்துக்குக் காவல். அச்சுப்பலகை தேய்ந்து போனால் அதைப் பார்த்தே புதியது ஒன்றை வெட்டுவார்கள். அப்படி எத்தனை கை மாறி வந்ததோ, வெட்டியவர்கள் ஒருவர் பெயரும் யாருக்கும் தெரியாது. பழைய பலகை சில வருடமாகவே வெடித்து வந்து, போன வருடத் திருவிழாவோடு அச்சுக்கு உதவாமல் போய்விட்டது. புதியதை நான் வெட்டுகிறேன் என்று பிலோமினா போய்க் கேட்டிருக்கிறாள். அதுவரை எந்தப் பெண்ணும் அதைத் தொட்டதில்லை.

கரையின் பெரிய சம்மாட்டியார் வஸ்தியாம்பிள்ளை. வள்ளங்களும் வலைகளும் வைத்திருக்கும் முதலாளி. அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "எங்கடை மாதாவாய் இருந்தால் ஏத்துவம். இல்லாட்டிக் கொழும்பிலை அடிச்ச கலர்க் கொடி ஏறும்." இதை எழுதிவிட்டு, கடைசி வரியில், "எல்லா வள்ளத்திலும் என் கைவேலை ஒரு வருடம் கடலுக்குப் போய் வரவேணும் அக்கா, எனக்கு வேறே ஆசை இல்லை" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகு வீட்டில் எப்படி இருப்பது? நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் விடுமுறையும் தொடங்கியிருந்தது. உளிகள், ஒரு டின் கறுப்பு மை, அந்தத் தேக்குப் பலகை, எல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கப்பல் துறையிலிருந்து ரயில் பிடித்து வந்தேன், யாழ்ப்பாண ஸ்டேஷனில் பிலோமினாவின் கணவர் சூசை காத்திருந்தார். மீன்பிடிக்கிறவர், நெடிய மனிதர், எதற்கும் சிரிப்பவர். என் பெட்டியைத் தூக்கியவர் கையைப் பார்த்தார். கை கறுப்பு. ரயில் சூட்டில் மை டின் மூடி பிதுங்கி, பெட்டிக்குள் பாதி மை ஓடியிருந்தது. நான் கொண்டு வந்த நல்ல புடவைகள் மூன்றும் போயின. "பரவாயில்லை அக்கா, அச்சு வேலை இஞ்சையே துவங்கீட்டுது" என்றார் சூசை. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாடகைக் கார் என்று ஒரு மொரிஸ் மைனர் வந்தது. எங்கள் ஊரில் அதைக் கண்காட்சியில்தான் வைப்பார்கள். இங்கே அதில் ஏழு பேர் போகிறார்கள். பலகை உள்ளே அடங்காமல் ஜன்னல் வழியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பம் ஒன்றில் அது ஒரு கடை வாசலில் தொங்கிய வாழைக்குலையை இடித்துக் கீழே தள்ளிவிட்டது. கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். டிரைவர் வண்டியை நிறுத்தாமலே தலையை நீட்டி, "கலியாண வீட்டுச் சாமான், அண்ணை, கோவியாதேங்கோ!" என்று கத்தினார். அண்ணையும் கோபிக்கவில்லை, கையை ஆட்டினார். சென்னையாக இருந்தால் அந்தப் பலகையாலேயே எனக்கு அடி விழுந்திருக்கும்.

மறுநாள் காலை புட்டும், மீன் சொதியும், இடித்த சம்பலும். புட்டை நாங்கள் சர்க்கரையோடு சாப்பிடும் பண்டமாக நினைத்திருக்கிறோம். இங்கே அது சோற்றின் அண்ணன். இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். காப்பி கேட்கத் தைரியம் வரவில்லை. வெறும் தேயிலைத் தண்ணீரும் கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியும் வந்தன. கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். மூன்றாம் நாள் எனக்கு அது பிடித்தும் விட்டது.

பிலோமினாவின் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் ஒன்று. சுவர் முழுக்க அவள் வெட்டிய நகல்கள். புயலில் சாயும் மரங்கள், கன்னத்தில் கைவைத்த கிழவர், குதிரைவீரன், முக்காடிட்ட தாய். ஐரோப்பாவில் என்றோ செத்துப்போன அச்சுக்காரர்களின் படங்கள். யாழ்ப்பாண நூலகத்தில் ஒரு பெரிய புத்தகம் இருந்ததாம். வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பதால், தையல் வேலை இல்லாத நாளில் அங்கே போய் உட்கார்ந்து மெல்லிய தாளில் கோடு கோடாக எடுத்து வருவாளாம். இரண்டு வருடத்துக்கு முன் நூலகம் எரிந்தபோது அந்தப் புத்தகமும் போயிற்று. "இப்ப அந்தப் படங்கள் இந்தச் சுவரிலை மட்டும்தான் இருக்கு, அக்கா" என்றாள். சும்மாதான் சொன்னாள். நான் எழுந்துபோய் அந்த நகல்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நகல் எடுப்பவர்களை எங்கள் ஊர் விமர்சகர்கள் ஏளனமாகப் பேசுவார்கள். சொந்தமாக ஒன்றும் வராதவர்கள் என்பார்கள். நான் வருடத்துக்கு ஒரு பழைய படத்தையாவது நகல் வெட்டாமல் விட்டதில்லை. வேறு எந்த வழியிலும் முன்னால் போனவர்களின் கைப்பழக்கம் நம் கைக்கு வருவதில்லை. பார்ப்பது வேறு, பார்த்து வெட்டுவது வேறு. வெட்டும்போதுதான் அவர் எங்கே மூச்சைப் பிடித்தார், எங்கே எழுந்து போய் வந்தார் என்று தெரியும். இதைச் சொன்னால் விமர்சகர்கள் சிரிப்பார்கள். பிலோமினா சிரிக்கவில்லை, "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள்.

என் தேக்குப் பலகைக்கு அன்றே மவுசு போய்விட்டது. தேக்கின் இழை முரடு, மாதாவின் இமை மாதிரிச் சின்ன வேலையில் உதிர்ந்து விடும். அது எனக்கே தெரியும். இருந்தும் யாழ்ப்பாணத்தில் மரம் கிடைக்காது என்று எப்படியோ நினைத்துவிட்டேன். பிலோமினா ஒரு வருடமாக நிழலில் காயவைத்த பூவரசம் பலகையை எடுத்து வந்தாள். வழுவழுவென்று இருந்தது. "அக்கா, உங்கை பாருங்கோ, எங்கடை வேலியே பூவரசுதான்" என்று சூசை வெளியே கை காட்டினார். மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு பழைய பலகையைப் பார்த்தோம். மேலே மேகத்தின்மீது மாதா, ஒரு கையில் குழந்தை, மறு கை கீழே நீண்டிருக்கிறது. கீழே அலைகள் நடுவே ஒற்றை வள்ளம். வானமும் கடலும் கறுப்பு. நடுவில் மேலிருந்து கீழே நேராக ஒரு பிளவு. மாதாவின் கை வழியாக, வானத்தைக் கடந்து, வள்ளத்தின் முகப்பு வழியாக அடிவரை. கடைசி இரண்டு மூன்று வருடக் கொடிகளையும் விரித்துப் பார்த்தோம். பிளவில் மை ஏறாது. மை ஏறாத இடம் வெள்ளையாக விழும். எல்லாக் கொடிகளிலும் மேலிருந்து அடிவரை அந்த வெள்ளைக் கோடு.

"வெடிப்பு" என்றேன்.

"வெடிப்புத்தான்" என்றாள் பிலோமினா.

அச்சுத் தொழில் தெரிந்த இரண்டு பேர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டோம். மரம் பட்ட காயத்தை நகல் எடுக்கக் கூடாது, வெட்டியவரின் மனதில் இருந்த படத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. வெடிப்பை மூடி, அறுந்த கோடுகளை இரண்டு பக்கமும் இணைத்து, மெல்லிய தாளில் படத்தை எடுத்து, தாளைத் திருப்பிப் பூவரசின்மேல் ஒட்டினோம். பிலோமினா உளியை எடுத்தாள்.

அவள் வெட்ட, நான் மை தேடிப் போனேன். டின்னில் மிச்சமிருந்த மை ஒரு கொடிக்கே காணாது. நல்லூரில் கலியாணக் கார்டு அடிக்கும் சிறிய அச்சகம் ஒன்று இருப்பதாகச் சூசை சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஒரு காலை வைத்துத் தொங்கினேன். கண்டக்டர், "அம்மா, உள்ளை போங்கோ, உள்ளை இடமிருக்கு, கிரிக்கெட் விளையாடலாம்" என்றார். உள்ளே என் முழங்கையை அசைக்கக்கூட இடமில்லை. டியூசனுக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, சினிமாவில் வருவதுபோல் கதைக்கிறேன் என்று தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அச்சக முதலாளி நெற்றி நிறைய நீறு பூசியவர். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்ப் பெரிய டின்னையே தூக்கி வந்தார். "மாதாவுக்குத்தானே? கொண்டு போங்கோ. எங்கடை முருகன்ரை திருவிழா நோட்டீசும் இந்த மையிலைதான் அடிக்கிறனான்." காசை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். திரும்பும் முன் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் (யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது) கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பை வாங்கினேன். எங்கள் சேலத்து மாம்பழம்தான் உலகத்திலேயே சிறந்தது என்று நாற்பது வருடம் சண்டை போட்டவள் நான். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு அந்தச் சண்டையை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் நண்டும் இறாலும் கணவாயும் மீன்தலையும் பயற்றங்காயும் போட்டுக் காய்ச்சி, பலா இலையைக் கோலி அதில் ஊற்றிக் குடிக்கிறார்கள். உறைப்பில் என் கண்ணும் மூக்கும் ஒன்றாக ஓடின. "அக்கா அழுகிறா, மாதா உருவம் நல்லா வந்திட்டுது போலை" என்று சூசை சொன்னார். உண்மையில் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அங்கியின் மடிப்புகளில் பழைய வெட்டுக்காரரின் பொறுமை அப்படியே இறங்கியிருந்தது. இடது பக்க அலையில் அவர் காட்டிய சோம்பலைக்கூட அவள் விடவில்லை.

வெள்ளிக்கிழமை, திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்க, முதல் அச்சை எடுத்தோம். கடற்கரையில் வலை வைக்கும் கொட்டிலுக்கு, வாடி என்பார்கள், அங்கே கொண்டுபோய் வஸ்தியாம்பிள்ளைக்கு முன்னால் விரித்தோம். அறுபது தாண்டிய மனிதர், கழுத்தில் தடித்த செபமாலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வாடியின் மூலையில் கொழும்பிலிருந்து வந்த கொடிக் கட்டு ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருந்தது. சிவப்பும் நீலமுமாகப் பளபளத்தது.

"முகம் அவவின்ரை முகம்தான்" என்றார். பிலோமினா என் கையைப் பிடித்தாள். அவர் துணியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "கயிறு எங்கை?"

"என்ன கயிறு?" என்று நான் கேட்டேன்.

"அவவின்ரை கையிலை இருந்து வள்ளத்துக்கு வாற கயிறு. அது இல்லாட்டி வள்ளம் தனியவெல்லோ நிக்குது."

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் வாய் சும்மா இருக்குமா? அது கயிறு இல்லை, வெடிப்பு என்றேன். மரம் ஏன் வெடிக்கும், வெடித்தால் அச்சில் எப்படி விழும் என்று ஒரு பாடமே நடத்தினேன். சுற்றி நின்றவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். வஸ்தியாம்பிள்ளையும் இடையில் பேசாமல் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது சரியாயிருக்கும், அம்மா. வெடிப்பாய்த்தான் இருக்கட்டும். அந்த வெடிப்பு எங்களுக்கு வேணும்." கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பன். பிலோமினா, நீ குறை நினையாதை. கயிறில்லாத கொடியோடை ஒருத்தரும் கடலுக்குப் போகமாட்டாங்கள்."

வீட்டுக்கு வந்து பிலோமினா தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். துணி வைக்காமலே சக்கரத்தைச் சுற்றினாள். பிறகு, "நான் ஒருக்காலும் சொந்தமாய் ஒண்டும் கீறினதில்லை, அக்கா. பாத்து வெட்டத்தான் தெரியும். பாக்கிறதிலையே பிழை விட்டிட்டன்" என்றாள். நானும்தானே சேர்ந்து பார்த்தேன் என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. எனக்கும் இல்லை. அந்தக் கிழவர்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி என்மேல் திரும்பியிருந்தது.

அன்று பின்னேரம் வாசலில் சைக்கிள் மணி. வஸ்தியாம்பிள்ளையே வந்து நின்றார். கையில் நாலாக மடித்த, தேநீர் நிறத்துக்கு மாறிய துணி. "என்னைப் பெத்த அப்புவின்ரை வள்ளத்திலை நிண்ட கொடி. பெட்டகத்துக்குள்ளை கிடந்தது. பாத்திட்டுத் தாங்கோ" என்று கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னதற்கும் நிற்காமல் போய்விட்டார்.

விரித்தோம். அதே மாதா, அதே வள்ளம். நடுவில் வெள்ளைக் கோடு. ஆனால் இந்தக் கோடு மாதாவின் விரல் நுனியில் தொடங்கி, வானத்தைக் கடந்து, வள்ளத்தின் முகப்பில் நின்றுவிட்டது. விரலுக்கு மேலே ஒன்றுமில்லை, முகப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

"வெடிப்பு இவ்வளவு சொல்லுக் கேக்குமோ, அக்கா?" என்றாள் பிலோமினா.

ஓடிப்போய்ப் பழைய பலகையை ஜன்னலடியில் வைத்துக் குனிந்தோம். மேலே பிளவின் ஓரங்கள் பிய்ந்த நார். கீழேயும் அப்படித்தான். விரலுக்கும் முகப்புக்கும் இடையில் மட்டும் ஓரங்கள் சாய்வாக, வழுவழுப்பாக இருந்தன. உளி போன தடம். பழைய வெட்டுக்காரர் அந்தக் கோட்டை வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார். இழையோடு ஆழமாக வெட்டியதால் பலகை பிறகு அந்த வழியிலேயே பிளந்திருக்கிறது. அவருக்கு முந்தியவரின் பலகை வெடித்து, அந்த வெடிப்பைத்தான் இவர் நகல் எடுத்தாரோ, இல்லை முதல் ஆளே கயிறு கட்டினாரோ, அது யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு அச்சுக்காரிகள் அல்லாமல் வேறு யார் பார்த்திருந்தாலும் முதல் நாளே கயிறு என்று சொல்லியிருப்பார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிலோமினா சிரிக்கவில்லை, அவள் அந்தத் தடத்தின் ஆழத்தை நகத்தால் அளந்துகொண்டிருந்தாள்.

வேலை ஒரு கோடுதான். ஆனால் அந்த ஒரு கோடு முடிந்த பலகையின் நட்டநடுவில், இழையோடு போக வேண்டும். இழையோடு போகும் உளி வழுக்கும். கொஞ்சம் ஆழம் கூடினால் பலகை அங்கேயே பிளக்கும். பிளந்தால் புதிது வெட்ட நேரமில்லை. வாடி மூலையில் கொழும்புக் கொடி காத்திருக்கிறது. பழகிப் பார்க்கப் பிலோமினா என் தேக்குப் பலகையைக் கேட்டு வாங்கினாள். பழைய கோட்டைப் பார்த்துப் பார்த்து அதில் வெட்டினாள், திரும்பத் திரும்ப வெட்டினாள். முதலில் வெறும் கோடாக வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அது கயிறாக ஆகிவிட்டது. எனக்குத் தேக்கைக் கொண்டு வந்ததற்கு முதல் தடவையாகச் சந்தோஷம்.

சனிக்கிழமை காலை பூவரசம் பலகையை வாடிக்கே கொண்டு போனோம், கூட்டம் கூடிவிட்டது. திருவிழாவுக்குச் சோடிக்க வந்தவர்கள் தோரணத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார்கள். நான் என் இரும்பு ரூலரை நீட்டினேன்.

"வேண்டாம், அக்கா. பாரம் இழுக்கிற கயிறு நேராய்த்தான் நிக்கும், ஆனால் ரூலர் மாதிரி நில்லாது."

நான் பலகையின் அடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, மாதாவின் விரல் நுனியில் உளியை வைத்தாள். மரம் சுருளாக எழும்பி வந்தது. வானத்தின் பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி அழுத்தினாள். கடல் தெரிந்தது, வள்ளம் தெரிந்தது, முகப்பைத் தொட்டாள். அங்கே நிற்க வேண்டிய உளி வழுக்கி, வள்ளத்தைத் தாண்டி அலைக்குள் ஒரு கொத்துக் கொத்திவிட்டு நின்றது.

"ஐயோ, மாதாவே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் பலகையைத் தடவிப் பார்த்தேன். பிளக்கவில்லை! அலையில் அரிசிமணி அளவுக்கு வளைந்த ஒரு சிராய் போயிருந்தது, அவ்வளவுதான். "மையை எடு" என்றேன். உருளையால் மை தடவினோம், துணியை விரித்தோம், தேய்த்து மழமழப்பாக்கிய தேங்காய்ச் சிரட்டையால் அவள் அழுத்தித் தேய்த்தாள். ஒரு நுனியைப் பிடித்து மெல்ல உரித்தாள்.

கறுத்த வானத்தில் வெள்ளையாக, மாதாவின் கையிலிருந்து வள்ளத்துக்கு ஒரு கயிறு. அந்தச் சின்ன வள்ளம் அதுவரை இல்லாத ஒரு பாரத்தோடு இழுபட்டு நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், கயிறில்லாத படத்தை இனி என்னாலும் பார்க்க முடியாது.

வஸ்தியாம்பிள்ளை கண்ணாடியை மாட்டினார். தன் விரலை மாதாவின் கையில் வைத்து வள்ளத்தின் முகப்புவரை ஓட்டினார். விரல் நுனியில் ஒட்டிய மையைப் பார்த்தார். பிறகு அந்த விரலாலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றியில் கறுப்புப் பதிந்தது.

"ஏத்துங்கோ" என்றார்.

வாடி அதிர்ந்தது. யாரோ திருவிழாவுக்கு வைத்திருந்த பட்டாசுக் கட்டுக்கு அங்கேயே தீ வைத்துவிட்டார்கள். சூசை பிலோமினாவைத் தூக்கப் போனார். அவள் மைக் கையால் அவர் சட்டையில் ஓர் அடி வைத்தாள், ஐந்து விரலும் பதிந்தன. நான் அழுதேன். இந்தத் தடவை கூழும் இல்லை, மிளகாயும் இல்லை. கொழும்புக் கொடிகள் மாதாவின் சப்பறத் தேரைச் சோடிக்கப் போயின. பின்னேரம் முழுக்க நாங்கள் மை தடவ, பெண்கள் துணி வெட்டிக் கொடுக்க, ஆண்கள் கயிறு கட்டி உலர்த்த, கரை நெடுக மாதாக்கள் தொங்கினார்கள். கோயில் பாதிரியார், சுவாமியார் என்பார்கள், வந்து பார்த்துவிட்டு ஈர மையில் தோள் பட்டு, வெள்ளை அங்கியில் அரைவள்ளத்தோடு திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வள்ளங்கள் கிளம்பின. திருவிழாவன்று குடும்பத்தோடு ஏறுவது வழக்கமாம். நானும் பிலோமினாவும் சூசையின் வள்ளத்தில் ஏறினோம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கொடிகளை விறைப்பாகப் பிடித்தது. முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும், எங்கே திரும்பினாலும் அவள் வெட்டிய மாதா. பிலோமினா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தலையில் போட்டிருந்த முக்காடு காற்றில் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வஸ்தியாம்பிள்ளையின் வள்ளம் பக்கத்தில் வந்தது. அவர் தன் கொடியின் நுனியைப் பிடித்துக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்.

"பிள்ளை! வள்ளத்துக்குக் கீழை ஒரு மீன் துள்ளுதே, உது முந்தி இருந்ததோ?"

இரண்டு வள்ளத்திலும் எல்லோரும் திரும்பினார்கள். உளி வழுக்கின கதையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். பிலோமினா என் காலை அழுத்தி மிதித்தாள்.

"இல்லை!" என்று பதிலுக்குக் கத்தினாள். "அது நான் விட்ட மீன்!"

வஸ்தியாம்பிள்ளை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "நல்ல மீன்" என்றார். அவர் வள்ளத்தில் ஒருவர் அது பாரை என்றார். எங்கள் வள்ளத்தில் சூசை, வாலைப் பார், அது விளைமீன் என்றார். சண்டை அடுத்த வள்ளத்துக்குத் தாவி, அதற்கடுத்ததுக்கும் போனது. கரைக்குத் திரும்புவதற்குள் அது விளைமீன்தான் என்று முடிவாகிவிட்டது. இனி இந்தப் பலகை தேய்ந்து, இதைப் பார்த்து அடுத்ததை வெட்டப் போகிறவர் யாராக இருந்தாலும் அந்த மீனையும் வெட்டியாக வேண்டும். விட்டுவிட்டால் வஸ்தியாம்பிள்ளையின் பேரப்பிள்ளைகள் கொடியை ஏற்ற மாட்டார்கள்.